கணினி வரலாற்றுப் பாடம்: சேருவதற்கு முன் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் வாரம் வந்தால் ஒவ்வொரு செமஸ்டரும் இதே கேள்விகள்தான் வருகின்றன. பாதிப் பேர் அறை வாசலில் நின்று கேட்பார்கள், மீதிப் பேர் மின்னஞ்சலில். இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன், தொண்டையாவது மிஞ்சும். சில பதில்கள் நீண்டுவிட்டன. அவை எனக்குப் பிடித்த கேள்விகள்.

இது கணினித் துறைப் பாடமா, வரலாற்றுத் துறைப் பாடமா?

வரலாற்றுப் பாடம்தான். பேசுபொருள் கணினி. சில பல்கலைக்கழகங்களில் கணினித் துறை இதை நடத்தும், சிலவற்றில் வரலாற்றுத் துறை நடத்தும். யார் நடத்தினாலும் செய்யும் வேலை ஒன்றுதான். ஒரு இயந்திரம் ஏன் அந்தக் காலத்தில், அந்த வடிவத்தில் வந்தது? யார் பணம் கொடுத்தார்கள்? யார் இயக்கினார்கள்? அதுவரை அந்த வேலையைக் கையால் செய்துகொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? இவற்றுக்கு ஆதாரத்தோடு பதில் எழுத வேண்டும்.

கணினித் துறையிலிருந்து வருபவர்கள் சரியான விடை என்று ஒன்றைத் தேடித் தேடிக் களைப்பார்கள். வரலாற்றுத் துறையிலிருந்து வருபவர்கள் ரிலே (மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்ச்) எப்படி வேலை செய்கிறது என்று புரியாமல் மூன்றாம் வாரத்தில் திணறுவார்கள். இரு தரப்பையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடுவேன், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். கழித்தல் தெரிந்தால் போதும். ஏன் கழித்தல் என்று கீழே சொல்கிறேன்.

மணிச்சட்டத்திலிருந்து தொடங்குவீர்களா?

பல பாடநூல்கள் அப்படித்தான் தொடங்குகின்றன: மணிச்சட்டம், பிறகு பாஸ்கலின் கூட்டல் பெட்டி, பிறகு பாபேஜின் கணக்குப் பொறிகள், பிறகு ஒரே தாவலில் மின்னணு. ஒரு பொருளின் மகன் அடுத்த பொருள் என்பதுபோல வம்சாவளி வரைந்துவிடுவார்கள். நான் மனிதர்களில் தொடங்குகிறேன்.

தமிழில் ‘கணினி’ என்றால் இயந்திரம் மட்டும்தான், அந்தச் சொல்லே இயந்திரத்துக்காக உருவானது. ஆங்கிலத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒரு வேலையின் பெயர். உட்கார்ந்து கணக்குப் போடும் ஆளுக்குத்தான் அந்தப் பெயர். நம் பழைய சொற்களில் கணியன், கணக்கர் என்று சொன்னால் கிட்டத்தட்டப் பொருந்தும்.

முதல் வகுப்பில் நான் எடுத்துக்கொள்ளும் காட்சி பாரிஸ், 1757–58. ஹாலி வால்நட்சத்திரம் எப்போது திரும்பி வரும் என்று கணக்கிட வேண்டும். வியாழனும் சனியும் அதைத் தம் பக்கம் இழுத்துத் தாமதப்படுத்தும் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தாக வேண்டும். கணித முறை அலெக்சி கிளேரோவுடையது. எண்களைப் போட்டுத் தள்ளியவர்கள் ஜெரோம் லலாந்தும் நிகோல்-ரெய்ன் லெப்போத் என்ற பெண்ணும். மாதக்கணக்கில், காலையிலிருந்து இரவு வரை, சில நாள் சாப்பாட்டு மேசையிலும். ஒரு மாதம் முன்பின் இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு 1759 ஏப்ரல் நடுவில் சூரியனுக்கு மிக அருகில் வரும் என்றார்கள். வந்தது மார்ச் 13. சொன்ன வரம்பின் விளிம்பில் விழுந்தது. பிறகு கிளேரோ தன் நூலில் லெப்போத்தின் பெயரை விட்டுவிட்டார். ஒரு கணக்கை மூவருக்குப் பிரித்துக் கொடுப்பது, பிழை வரம்பு சொல்வது, உழைத்தவர் பெயர் காணாமல் போவது. இந்த மூன்றும் செமஸ்டர் முடியும் வரை திரும்பத் திரும்ப வரும். அதனால்தான் அங்கே தொடங்குகிறேன்.

சரி, உலகின் முதல் கணினி எது? இதையாவது நேராகச் சொல்லுங்கள்.

முதல் வாரத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்கள். நான் திருப்பிக் கேட்பது, ‘எந்த அடைமொழியோடு?’

நிரலால் இயங்கிய, உண்மையிலேயே வேலை செய்த இயந்திரம் என்றால் கொன்ராட் சூசே பெர்லினில் 1941-இல் காட்டிய இசட்-3. அது ரிலேக்களால் ஆனது, மின்னணு அல்ல. போரில் குண்டுவீச்சில் அழிந்துபோனது. மின்னணு முறையில் எண்கணக்கு என்றால் அமெரிக்காவின் அயோவாவில் ஜான் அட்டனசாஃபும் கிளிஃபர்ட் பெர்ரியும் 1942 வரை கட்டிக்கொண்டிருந்த இயந்திரம். அது ஒரே வகைக் கணக்குக்கானது, சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்க மட்டும். பெரிய அளவில் மின்னணு, ஓரளவு நிரல்படுத்தக்கூடியது என்றால் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் 1944-இல் இயங்கத் தொடங்கிய கொலோசஸ். டாமி ஃப்ளவர்ஸ் என்ற தொலைபேசிப் பொறியாளர் வடிவமைத்தது. (அது எனிக்மாவை உடைத்தது என்று எழுதாதீர்கள். கொலோசஸ் குறிவைத்தது லாரன்ஸ் என்ற வேறு ஜெர்மானிய மறைக்குறி இயந்திரத்தை. இந்த ஒரு தவறுக்கு நான் மதிப்பெண் குறைப்பேன்.) எந்தக் கணக்கையும் போடக்கூடிய மின்னணு இயந்திரம் என்றால் பென்சில்வேனியாவின் எனியாக். ஏறத்தாழ 18,000 வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்), 1946 பிப்ரவரியில் உலகுக்குக் காட்டப்பட்டது. ஆனால் புதுக் கணக்கு வேண்டுமானால் கம்பிகளைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும். நிரலையே நினைவகத்தில் வைத்து ஓட்டியது என்றால் மான்செஸ்டரின் ‘பேபி’, 1948 ஜூன் 21. அன்றாட வேலைக்குப் பயன்பட்ட அதே வகை என்றால் கேம்பிரிட்ஜின் எட்சாக், 1949 மே.

ஆக, அடைமொழியை மாற்றினால் முதல்வன் மாறுகிறான். அடைமொழியை யார், எப்போது, எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் பாடம். இதற்கு நீதிமன்றமும் ஒரு விடை சொல்லியிருக்கிறது. 1973 அக்டோபர் 19-இல் அமெரிக்க நீதிபதி ஏர்ல் லார்சன் எனியாக்கின் காப்புரிமை செல்லாது என்றார். எனியாக்கை வடிவமைத்த எக்கர்ட்டும் மாக்லியும் அட்டனசாஃபிடமிருந்து அடிப்படைக் கருத்தைப் பெற்றார்கள் என்பது தீர்ப்பு. அங்கே வழக்காடியவை ஹனிவெல், ஸ்பெர்ரி ராண்ட் என்ற இரு நிறுவனங்கள். பின்னால் நின்றது உரிமத்தொகை. கொலோசஸ் பற்றிய விவரங்கள் அப்போது வெளியே வரவே இல்லை, 1970-களின் நடுவில்தான் கசிந்தன. முப்பது ஆண்டுகளாக எழுதப்பட்ட கணினி வரலாறுகள் எல்லாம் நடுவில் ஒரு பெரிய ஓட்டையோடு எழுதப்பட்டவை, எழுதியவர்களுக்கே அது தெரியாது. இன்று நாம் எழுதுவதில் எங்கே ஓட்டை என்று யோசிக்கும்போது எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வந்து கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

மூல ஆவணம் என்கிறீர்கள். கணினி வரலாற்றில் அது எப்படி இருக்கும்?

குறிப்பேடு, கடிதம், கையேடு, சுற்று வரைபடம், நிரல் அச்சுப்படி, விளம்பரம், வேலைக்கு ஆள் தேவை அறிவிப்பு, நீதிமன்ற வாக்குமூலம், பேட்டி. ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன், பிறகு புரியும்.

ஹார்வர்ட் மார்க்-2 இயந்திரத்தின் பணிக் குறிப்பேட்டில் ஒரு பக்கம். ஒரு அந்துப்பூச்சி பசைநாடாவால் தாளில் ஒட்டப்பட்டிருக்கிறது. பக்கத்தில் கையெழுத்தில் நேரம், எந்தப் பலகை, எந்த ரிலே என்ற விவரம். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: ‘பூச்சி உண்மையாகவே அகப்பட்ட முதல் சம்பவம்’. இது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நிரல் பிழைக்கு ‘பக்’ (ஆங்கிலத்தில் பூச்சி) என்ற பெயர் இந்தப் பூச்சியால்தான் வந்தது, கண்டுபிடித்தவர் அங்கே பணியாற்றிய கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். ‘உண்மையாகவே’ என்ற சொல் அங்கே என்ன செய்கிறது? பிழையைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் முன்பே இருந்தால்தான் அது நகைச்சுவையாகும். வழக்கம் இருந்ததற்குச் சான்றும் உண்டு. எடிசன் 1878-இல் எழுதிய ஒரு கடிதத்தில் கருவிக் கோளாறுகளை அப்படித்தான் சொல்கிறார். ஆக, பரவலான கதையை மறுக்கும் ஆதாரம் அந்தக் கதையின் சான்றாகக் காட்டப்படும் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்தது, அதைப் பிடித்தவர் ஹாப்பர் அல்ல, அவர் அதை ஊரெங்கும் சுவையாகச் சொன்னவர். மூன்றாவது, தேதி. குறிப்பேட்டில் செப்டம்பர் 9 இருக்கிறது. பல இடங்களில் ஆண்டை 1945 என்று போடுவார்கள், ஆனால் அப்போது மார்க்-2 கட்டி முடியவில்லை. சரியான ஆண்டு 1947. ஒரே ஒரு பக்கம், ஒரு செத்த பூச்சி, மூன்று திருத்தங்கள். வகுப்பில் இதற்கு ஒன்றரை மணி நேரம் போகும், ஒருவரும் தூங்கியதில்லை.

விக்கிப்பீடியா, யூடியூப், சாட்பாட் எல்லாம் பயன்படுத்தலாமா?

தேடத் தொடங்க, தாராளமாக. மேற்கோள் காட்ட, கூடாது. இந்தத் துறையில் பொய் மேற்கோள்கள் ஈசல் மாதிரி. உலகத்துக்கு ஐந்து கணினி போதும் என்று ஐபிஎம் தலைவர் வாட்சன் 1943-இல் சொன்னதாக ஒன்று சுற்றும், அவர் சொன்னதற்குச் சான்றே இல்லை. 640 கிலோபைட் நினைவகம் யாருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக இன்னொன்று, அவர் மறுத்திருக்கிறார். மூர் விதி என்றால் பதினெட்டு மாதம் என்று ஒப்பிப்பார்கள். கார்டன் மூர் 1965-இல் எழுதியது ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று, 1975-இல் அதை இரண்டாண்டு என்று திருத்தினார். இரண்டிலும் பதினெட்டு இல்லை.

சாட்பாட்டும் இதே ஈசல்களைத் தின்றுதான் வளர்ந்திருக்கிறது. அது சொன்ன தேதியை அப்படியே எழுதினால் எனக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும், ஏனென்றால் எல்லோருடைய தாளிலும் அதே தப்பு இருக்கும்.

பழைய இயந்திரங்களைத் தொட்டுப் பார்க்க முடியுமா?

அசலைத் தொடுவது அரிது. மீட்டுருவாக்கங்கள் உண்டு. பிளெட்ச்லி பார்க் வளாகத்தில் கொலோசஸ் ஒன்று திரும்பக் கட்டப்பட்டு ஓடுகிறது. பேபியின் நகல் மான்செஸ்டரின் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாபேஜ் தாளில் மட்டும் விட்டுப்போன இரண்டாம் வித்தியாசப் பொறியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல் கட்டி, அது சரியாகக் கணக்கிடுகிறது என்று காட்டியது. போக முடியாதவர்களுக்கு உருவகப்படுத்தும் மென்பொருள்கள் இருக்கின்றன. நாம் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

நான்காம் வாரத்தில் எல்லோரும் பேபிக்கு நிரல் எழுதுவார்கள், வரலாற்றுத் துறையினரும்தான். அதன் நினைவகம் 32 சொற்கள், ஒவ்வொன்றும் 32 பிட். மொத்தக் கட்டளைகள் ஏழு. கூட்டல் கட்டளை கிடையாது. கழித்தல் மட்டும். நினைவகத்திலிருந்து ஒரு எண்ணை எடுத்தால் அது எதிர்மறையாகத்தான் வரும். இப்போது ஐந்தையும் மூன்றையும் கூட்டுங்கள் என்பேன். பத்து நிமிடம் வகுப்பு அமைதியாக இருக்கும். பிறகு யாராவது கண்டுபிடிப்பார்கள்: ஐந்தை எடு, அது கழித்தல் ஐந்தாக வரும். அதிலிருந்து மூன்றைக் கழி, கழித்தல் எட்டு. அதை ஓரிடத்தில் சேமி. திரும்ப எடு, குறி மாறி எட்டாக வரும். நான்கு கட்டளையில் ஒரு கூட்டல்.

கழித்தலை மட்டும் ஏன் வைத்தார்கள் என்று அப்போது யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கழித்தலை வைத்துக் கூட்டலைச் செய்துவிடலாம், வன்பொருள் மிச்சம். பேபி கட்டப்பட்டது கணக்குப் போடவே அல்ல. தொலைக்காட்சிப் பெட்டியில் இருப்பது போன்ற கதிர்க்குழாயின் திரையில் பிட்டுகளைத் தங்க வைக்க முடியுமா என்று ஃபிரெடி வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் சோதித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். முதல் நிரல் 262,144 என்ற எண்ணின், அதைத் தவிர்த்த மிகப் பெரிய வகுஎண்ணைத் தேடியது, சளைக்காமல் ஒவ்வொன்றாக முயன்று. 52 நிமிடம் ஓடி 131,072 என்று சொன்னது. விடை எல்லோருக்கும் முன்பே தெரியும். நினைவகம் 52 நிமிடம் தாக்குப் பிடித்தது என்பதுதான் செய்தி.

பெண்களைப் பற்றித் தனி வாரம் உண்டா?

இல்லை. தனி வாரம் வைத்தால் மற்ற வாரங்களில் அவர்கள் இல்லை என்று ஆகிவிடும். எனியாக்குக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். 1946 அறிமுக நாளில் இயந்திரம் ஓட்டிக்காட்டிய குண்டுப் பாதைக் கணக்கு அவர்களின் வேலை. அன்றைய ஒளிப்படங்களிலும் இருக்கிறார்கள், பெயர் இல்லாமல். 1980-களில் கேத்தி கிளைமன் என்ற கல்லூரி மாணவி அந்தப் படங்களைப் பார்த்து இவர்கள் யார் என்று விசாரித்தபோது, இயந்திரம் அழகாகத் தெரிய நிறுத்தி வைத்த மாடல்கள் என்று பதில் வந்தது. அவர் நம்பாமல் தேடிப் போனார். ஒரு மாணவக் கட்டுரைக்கான தேடலில் தொடங்கியது அது, இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் கவனிக்க.

அமெரிக்காவும் பிரிட்டனும் மட்டும்தானா?

ஆதாரங்கள் அங்கே குவிந்திருப்பதால் பாடம் அந்தப் பக்கம் சாயும், மறைக்கவில்லை. ஆனால் கியேவில் செர்கேய் லெபதேவ் குழு கட்டிய மெஸ்ம், 1949-இல் சிட்னியில் முதல் நிரலை ஓட்டிய, இன்றும் மெல்பர்னில் முழுதாக இருக்கும் சிசிராக், மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-இல் பணிக்கு வந்த டிஃப்ராக் மூன்றையும் ஒப்பிட்டு ஒரு வாரம் போகும். அந்நியச் செலாவணி, உதிரி பாகத் தட்டுப்பாடு, பனிப்போர் எல்லாம் சுற்று வரைபடத்துக்குள் எப்படி நுழைகின்றன என்று அப்போது பார்க்கலாம்.

செய்யறிவு (ஏஐ) வரலாறு வருமா?

இரண்டு வாரம். துறைக்குப் பெயர் வைத்த 1956 டார்ட்மத் கூட்டம், கற்றுக்கொள்ளும் இயந்திரமாக 1958-இல் வந்த பெர்செப்ட்ரான், உரையாடும் நிரலான 1966 எலிசா, துறையைக் கடுமையாக விமர்சித்த 1973 லைட்ஹில் அறிக்கை. நாளிதழ்கள் 1958-இல் பெர்செப்ட்ரானைப் பற்றி எழுதியதை வகுப்பில் படிப்போம். தேதியை மறைத்துக் கொடுத்தால் போன வாரச் செய்தி என்று பாதிப் பேர் சொல்வார்கள்.

ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். தேர்வில் ஆண்டு நானே கொடுப்பேன். எது முன், எது பின் என்ற வரிசை மட்டும் மனதில் இருக்கட்டும்.

கட்டுரைக்குத் தலைப்பு எப்படித் தேர்ந்தெடுப்பது?

‘இணையத்தின் வரலாறு’ என்று வருகிற ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்புகிறேன். அது பத்துப் பேரின் ஆயுள் வேலை. அதே ஆர்வத்தை ஒரு தாளுக்குள் அடக்க முடியும். 1969 அக்டோபர் 29 இரவு 10:30-க்கு, கலிஃபோர்னியா பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தின் குறிப்பேட்டில், இணையத்தின் முன்னோடி வலையமைப்பு வழியாக ஸ்டான்ஃபர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினியோடு பேசியதாக ஒரு வரி இருக்கிறது. ‘லாகின்’ என்று அனுப்பத் தொடங்கி, ‘எல்’, ‘ஓ’ இரண்டு எழுத்து போனதும் மறுமுனை விழுந்துவிட்டது என்பது பின்னாள் நினைவுகூரலில் வரும் கதை. குறிப்பேடு என்ன சொல்கிறது, நினைவு என்ன சேர்க்கிறது? பதினைந்து பக்கத்துக்கு இது போதும்.

பேட்டி எடுக்க விரும்பினால் எடுங்கள். அதற்கு முன் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பாபேஜ் நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கும் பேட்டிகளில் இரண்டையாவது படியுங்கள். நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்று தெரியும். பேட்டியில் ஒருவர் சொன்னது நடந்ததற்குச் சான்றாகிவிடாது. அவர் அதை இப்படி நினைவில் வைத்திருக்கிறார் என்பதற்குச் சான்று.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

இதற்காக மட்டும் யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், எண்ணிமப் பாதுகாப்பு என்று போகிறவர்கள் ஒரு சிலர். மென்பொருளுக்குப் போகிறவர்களுக்கு வேறு விதமான பயன். பிறர் எழுதிய பழைய நிரலைத் திறந்ததும் ‘எந்த முட்டாள் எழுதினான்’ என்று தோன்றும். ஆண்டுக்கு ஏன் இரண்டே இலக்கம் வைத்தான் என்பார்கள். அன்று தகவலைத் துளைகளாகப் பதித்த துளையட்டையில் 80 பத்திகள்தான், ஒரு வாடிக்கையாளரின் மொத்த விவரமும் அதற்குள் அடங்க வேண்டும், அதில் ‘19’ என்று இரண்டு பத்தியை வீணாக்க யாருக்கு மனம் வரும்? அந்த 80 இன்றும் போகவில்லை. உங்கள் நிரல் எழுதும் திரையில் வரி 80 எழுத்தைத் தாண்டினால் எச்சரிக்கும் மெல்லிய கோடு இருந்தால், அது ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த அட்டையின் அகலம்.

முதல் வகுப்புக்கு என்ன படித்துவிட்டு வர வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் மிகப் பழைய கணிப்புக் கருவி ஒன்றைப் படமெடுத்து வாருங்கள். கால்குலேட்டர், ஃபிளாப்பி, செத்துப்போன மடிக்கணினி, எதுவானாலும் சரி. அது எந்த ஆண்டினது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். அந்த ஆண்டு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று தாளின் பின்பக்கம் எழுதுங்கள். முதலில் பின்பக்கத்தைத்தான் படிப்பேன்.